பச்சை மின்சாரமும் எங்கள் கரண்ட் பில்லும்

(புதிதாக வந்தவர்களுக்கான வுப்பர்டால் தகவல் மாலையில் ஆற்றிய உரை. பேசியபடியே, கொஞ்சம் சுருக்கித் தருகிறோம்.)



காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசப் போறன் என்றதும் பின்வரிசையில் ஒரு தம்பி சிரிச்சவர். அதில பிழையில்லை. விசா இல்லை, நேர்காணல் முடியேல்லை, ஹைமில் ஆறு குடும்பத்துக்கு ஒரு குசினி. இதுக்குள்ள பூமி சூடாகிற கதை எதுக்கு? ஆனால் இந்தக் கதை இரண்டு இடத்தில் உங்களைத் தேடி வரும். ஒன்று டொச் வகுப்பு. கலந்துரையாடல் என்றால் ஆசிரியர்கள் விரும்பி எடுக்கிற தலைப்பு இது. மற்றது, ஹைமை விட்டு வீடு கிடைத்த பிறகு வருகிற கரண்ட் பில்.

உண்மையா பொய்யா என்ற வாதத்தில் நான் நேரம் செலவழிக்கமாட்டேன். 2021 யூலை 14ம் திகதி இரவு இந்த ஊரில் இருந்தவர்களைக் கேளுங்கள். வுப்பர் அணைக்கட்டு நிரம்பி வழிந்தது, பையன்பூர்க் பகுதிக்குள் ஆறு புகுந்தது. அந்த வெள்ளத்தில் ஜேர்மனி முழுவதும் 180 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படியான மழைக்குரிய வாய்ப்பைக் காலநிலை மாற்றம் 1.2 முதல் 9 மடங்கு வரை கூட்டியிருக்கிறது என்று அடுத்த மாதமே பல நாட்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1.2க்கும் 9க்கும் இடையில் பெரிய தூரம்தான். ஆனால் கூட்டியது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

இங்கே நடக்கிற உண்மையான சண்டை வேறு. செலவை யார் கட்டுவது என்பதுதான் அது. அதில் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

2000ம் ஆண்டு ஏப்ரலில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூரையில் சூரியத்தகடு பூட்டியவர் வலையமைப்புக்குக் கொடுக்கிற கரண்டுக்கு 20 வருடம் உறுதியான விலை. 2004இல் அந்த விலை கிலோவாட் மணிக்கு 57 சதத்துக்கும் மேல். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? எல்லாருடைய பில்லிலும் ஒரு மேலதிகக் கட்டணமாகச் சேர்க்கப்பட்டது. மாதம் ஒரு ஐஸ்கிறீம் உருண்டையின் விலைதான் வரும் என்றார் அப்போதைய சுற்றாடல் அமைச்சர் யூர்கன் திரிற்றின். 2017இல் அது 6.88 சதமாக ஏறியது. வருடம் 3,500 கிலோவாட் மணி எடுக்கிற குடும்பத்துக்கு மாதம் 20 யூரோ. ஐஸ்கிறீம் கொஞ்சம் பெரிதாகிப் போச்சு!

கூடுதல் மின்சாரம் எடுக்கிற பெரிய தொழிற்சாலைகளுக்குச் சலுகை இருந்தது. சொந்த வீட்டுக்காரருக்குக் கூரையால் வருமானம் வந்தது. கூரை இல்லாமல் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த எங்கள் ஆட்கள் கட்டணத்தை மட்டும் கட்டினார்கள். பச்சை மின்சாரம் பிடிக்காது என்று ஒரு ஜேர்மன்காரர் வகுப்பிலோ வேலையிடத்திலோ சொன்னால், உடனே அவரைப் பொல்லாதவர் என்று நினைக்காதீர்கள். அவருக்கு அந்தப் பழைய பில் ஞாபகம் இருக்கலாம்.

ஆனால் கதை அங்கே முடியேல்லை. அந்தக் காசில்தான் சூரியத்தகட்டுக்கு உலகச் சந்தை உருவாகி, விலை விழுந்தது. இப்போது சிறிய கூரைகளில் உபரியாக வருகிற கரண்டுக்கு உறுதி விலை 8 சதம் அளவுதான், ஆனாலும் மக்கள் பூட்டுகிறார்கள். 2022 யூலை 1ம் திகதியோடு அந்த மேலதிகக் கட்டணம் பில்லில் இருந்து எடுபட்டது, அரசாங்க வரவுசெலவுக்குப் போய்விட்டது. 2022இல் விலை உச்சிக்கு ஏறியதற்கு முக்கிய காரணம் உக்ரேன் போரோடு வந்த எரிவாயு விலை. 'காத்தாடியாலதான் கரண்ட் விலை' என்று இன்றைக்கும் சொல்பவருக்கு நீங்கள் இதைச் சொல்லலாம்.

ஊரிலும் இதே பாடம் நடந்தது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். பிறகு வசதியுள்ளவர்கள் கூரையில் தகடு பூட்டினார்கள். 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டியிருக்க, பகலில் கரண்ட் கூடிப்போய், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. தகடு வாங்குவது மட்டும் செலவு இல்லை. வெயில் நேரத்துக் கரண்டை இரவுக்குக் கொண்டுபோகிற வயரும் பற்றறியும் கூடச் செலவுதான்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். இங்கே பல்கனியில் தொங்குகிற சிறிய தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். 2024 மே மாதத்திலிருந்து 800 வாட் வரை கொடுக்கிற இன்வேட்டரோடு பூட்டலாம், அரசாங்கப் பதிவேட்டில் இணையம் மூலம் ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். 2023இலிருந்து இதற்கு விற்பனை வரி இல்லை. 2024 ஒக்டோபரிலிருந்து தகுந்த காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. ஆனால் அவரிடம் கேட்டுத்தான் பூட்ட வேண்டும். விற்பவர்கள் இதுவரைதான் சொல்வார்கள்.

வுப்பர்டால் ஒரு பள்ளத்தாக்கு. பாதிப் பல்கனிகளுக்கு வெயில் சரியாக விழாது, மழை பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இன்னொரு விசயம் இருக்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் சுடுதண்ணி, குளியலறைச் சுவரில் பூட்டிய மின்சாரப் பெட்டியால் வருகிறது. அது 21 கிலோவாட் இழுக்கும் என்று வையுங்கள். 10 நிமிடம் குளித்தால் 3.5 கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் மணி 35 சதம் என்றால் 1.20 யூரோவுக்கு மேல். நல்ல வெயில் நாளில் பல்கனித் தகடு முழுநாளும் உழைத்துத் தருவது ஏறத்தாழ அவ்வளவுதான். அதைக்கூடக் குளிக்கப் பாவிக்க முடியாது, ஏனென்றால் தகடு ஒரு நேரத்தில் தருவது 800 வாட், பெட்டி கேட்பது 21,000 வாட். பகலில் ஓடுகிற பிறிச்சுக்குத்தான் தகடு உதவும்.

எல்லாரும் பகலில் வேலைக்கும் வகுப்புக்கும் போகிற வீட்டில் வருடம் 200 கிலோவாட் மணி பயன்பட்டால் 70 யூரோ மிச்சம். 500 யூரோ கொடுத்து வாங்கினால் ஏழு வருடம். ஏழு வருடம் அதே வீட்டில் இருப்போமா, இதே நகரத்தில் இருப்போமா என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. தெற்குப் பக்கப் பல்கனியும் நிரந்தர வதிவிடமும் உள்ளவர் தாராளமாக வாங்கட்டும். மற்றவர்கள் முதலில் குளியலை 5 நிமிடமாக்கிப் பாருங்கள்.

இனி உரிமைகள். சோசியல் அமுற்றிடம் காசு எடுக்கிற முதல் 36 மாதமும், தனி வீட்டில் இருந்தால், வீட்டுக் கரண்டுச் செலவு மாதக் காசுக்கு வெளியே தனியாகக் கணக்கெடுக்கப்பட வேண்டும். பில்லைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதன் பிறகும், ஜாப்சென்டருக்கு மாறினாலும், கரண்டை உங்கள் மாதக் காசிலிருந்தே கட்ட வேண்டும். வெப்பமூட்டும் செலவு தனி. தண்ணி கரண்டில் சூடாகிற வீடென்றால் ஜாப்சென்டர் மேலதிகமாக ஒரு தொகை தரும். கேட்காமல் சில வேளை வராது.

வேலை எடுத்து எல்லாவற்றையும் தாங்களே கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எரிவாயு, எண்ணெய் வெப்பத்துக்கு 2021 முதல் கரியமில வரி இருக்கிறது. 2023இலிருந்து அதை வீட்டுக்காரரும் பங்குபோட வேண்டும். குளிர் புகுகிற மோசமான கட்டிடம் என்றால் அவர் பங்கு 95 வீதம் வரை போகும். வருடக் கணக்கில் அந்தப் பங்கீடு இல்லாவிட்டால் உங்கள் வெப்பச் செலவில் 3 வீதத்தைக் கழிக்க உரிமை உண்டு.

என் முதல் வீட்டில், 1992இல், வருடக் கணக்குக் கடிதம் வந்தது. டொச் விளங்கேல்லை, லாச்சிக்குள் வைத்தேன். அடுத்ததையும் வைத்தேன். கடைசியில் 480 மார்க் கேட்டார்கள். கரண்டை வெட்டிய பிறகுதான் ஆள் தேடி ஓடினேன். மாதாமாதம் கட்டுவது ஒரு உத்தேசத் தொகை, வருடம் முடிய மீற்றர் பார்த்து மிச்சத்தைக் கேட்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லேல்லை.

வாசலுக்கு வந்து 'பச்சைக் கரண்ட், மலிவு' என்பவருக்கு மீற்றர் இலக்கத்தைக் காட்டாதீர்கள், கையெழுத்தும் வைக்காதீர்கள். வைத்துவிட்டால் 14 நாளுக்குள் எழுத்தில் மறுக்கலாம். ஒப்பந்தம் ஏதும் செய்யாவிட்டாலும் உங்களுக்குக் கரண்ட் வரும். அடிப்படை வழங்குநரிடம் தானாகவே சேர்ந்துவிடுவீர்கள். அது பெரும்பாலும் மலிவானது அல்ல, ஆனால் இரண்டு கிழமை அறிவித்தலோடு மாறலாம். அவசரமில்லை. நுகர்வோர் ஆலோசனை நிலையம் வுப்பர்டாலில் இருக்கிறது, அங்கே கேட்டுவிட்டு மாறுங்கள்.

வீட்டுத் திறப்பு வாங்குகிற அன்றே மீற்றரில் உள்ள எண்ணைப் போனில் படம் எடுங்கள். கடிதம் ஏதும் வந்திருந்தால் இங்கே கொண்டு வாங்கோ. முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், கணக்குப் பின்பக்கத்தில்தான் இருக்கும்.