சம்பளக் கணக்கா? சமையல் கணக்கா?

(‘குடும்பத்தில் பணம் மிச்சமாவது பெரிதும் சம்பாதிப்பவராலா? சமைப்பவராலா?’ என்னும் தலைப்பில், ‘சமைப்பவராலேயே’ என்ற அணியில் பேசியது)

சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் நடுவர் அவர்களே! சம்பளக் கவரைக் காட்டியே எங்களை மிரட்டப் பார்க்கும் எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே டி.வி. முன்னால ஒரு கண்ணை எங்க மேலயும், ஒரு காதைக் குக்கர் விசில் மேலயும் வச்சிருக்கிற சகோதரிகளே! (கைதட்டல்)

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் கேட்டார், “வந்தாத்தானே மிஞ்சும்? வராதது எப்படி மிஞ்சும்?”னு. நியாயமான கேள்வி. ஆனா அய்யா, வர்றது ஒண்ணாந்தேதி ஒரே ஒரு நாள். போறது முப்பது நாளும்! அந்த முப்பது நாளும் காவலுக்கு நிக்கிறது யாரு? (கைதட்டல்)

2019 டிசம்பர் ஞாபகம் இருக்கா? வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போச்சு. எகிப்திலேருந்து கப்பல்ல வெங்காயம் வந்து இறங்குச்சு. 2023 ஜூலையிலே தக்காளி நூறைத் தாண்டுச்சு. சென்னை ரேஷன் கடைகள்ல அரசாங்கமே கிலோ 60 ரூபாய்னு வித்தது. அய்யா, பஞ்சப்படி கேள்விப்பட்டிருக்கோம். அந்த மாசம் எந்த ஆபீசிலாவது தக்காளிப்படி கொடுத்தாங்களா? (சிரிப்பு)

ஆனா உங்க வீட்டிலே ரசம் நின்னுச்சா? நிக்கலையே! புளியைக் கொஞ்சம் கூடக் கரைச்சு, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, பூண்டு நசுக்கி இறக்கினாங்க. அவரும் “இன்னைக்கு ரசம் பிரமாதம்”னு ரெண்டாந்தடவை ஊத்திக்கிட்டாரு. தக்காளி இல்லைங்கிறதே அவருக்குத் தெரியாது! (பலத்த சிரிப்பு)

தேங்காய் விலை ஏறினா, சட்னியிலே அரை மூடிக்குப் பதில் ரெண்டு கீத்து, மீதிக்குப் பொட்டுக்கடலை. குருமாவுக்கு முந்திரியும் கசகசாவும் கட்டுப்படி ஆகலையா? அங்கேயும் பொட்டுக்கடலைதான். துவரம்பருப்பு ஏறினா, பாதிக்குப் பாதி மைசூர்ப் பருப்பு. ரெண்டு துண்டு பரங்கிக்காயைக் குழைய விட்டா சாம்பார் கெட்டியா நிக்கும். பருப்பை முன்கூட்டியே ஊற வச்சா கேஸும் மிச்சம். பீர்க்கங்காய் தோல் துவையலாகும். தர்பூசணியிலே சிவப்புக்கு அடியிலே இருக்கிற வெள்ளை கூட்டாகும். புளிச்ச தயிர் மோர்க்குழம்பு. காலையிலே மிஞ்சின இட்லி, சாயங்காலம் உப்புமா!

நடுவர்: ஏம்மா, அப்ப இத்தனை வருஷமா எங்க வீட்டிலே நான் எதுக்குப் பதிலா எதைச் சாப்பிட்டேன்னே தெரியலையே! (பலத்த சிரிப்பு)

தெரியாம இருந்ததாலேதான் அய்யா நீங்க நிம்மதியா நடுவரா இருக்கீங்க! (கைதட்டல்)

பதிலுக்குப் போடுறதுன்னா மட்டம்னு நினைக்காதீங்க. ரெண்டாம் உலகப் போர்ல, 1942-ல பர்மா ஜப்பான் கைக்குப் போச்சு. அங்கேருந்து வந்த அரிசி நின்னுச்சு. அரிசித் தட்டுப்பாடு வந்த அந்தக் காலத்திலேதான் ரவையை வச்சு இட்லி பண்ணினோம்னு பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்காரங்க சொல்றாங்க. இல்லாமையிலே பிறந்த பண்டம், இன்னைக்கு ஓட்டல்ல காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுற ரவா இட்லி!

கடைசியா ஒண்ணு சொல்லிடறேன். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ அப்பா வேலை பார்த்த மில்லைச் சில மாசம் மூடிட்டாங்க. எங்க தட்டிலே ஒரு நாளும் குறை தெரியலை. பருப்பு குறைஞ்சா முருங்கைக்கீரை வரும். காய் இல்லைன்னா வத்தல் வரும். ஒரு ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திரிச்சேன். அம்மா அடுப்படியிலே தனியா உட்கார்ந்து, குழம்புச் சட்டியிலே ஒரு பிடி சோத்தைப் போட்டு வழிச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. “என்னம்மா இது?”ன்னேன். “சட்டியிலே ஒட்டினதுதான்டி ருசி”ன்னாங்க. நானும் நம்பிட்டேன். எனக்குக் கல்யாணமாகி, நானே சட்டியை வழிச்ச அன்னைக்குத்தான், ருசிக்காக இல்லைன்னு புரிஞ்சுது. (அரங்கில் அமைதி)

அதனாலே தாய்மார்களே, தக்காளிக்குப் பதில் புளி போடுங்க. முந்திரிக்குப் பதில் பொட்டுக்கடலை போடுங்க. ஆனா உங்க பங்குச் சோத்துக்குப் பதிலா வெறும் தண்ணியைப் போடாதீங்க! பிள்ளைக்குப் பருப்பும் கீரையும் முட்டையும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு உங்களுக்கும் அவசியம். பொருளை மாத்துறது சிக்கனம். ஒருத்தர் வயித்தைக் குறைக்கிறது சிக்கனம் இல்லை. (நீண்ட கைதட்டல்) ஆண்களே, சாப்பிட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னாலே ஒரு தடவை சட்டியை எட்டிப் பாருங்க. அதிலே அவங்களுக்கு இருக்கான்னு பாருங்க.

சம்பளம் கொண்டுவந்து கொடுக்கிறவருக்கு மரியாதை உண்டு. ஆனா அதை மாசக் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது அடுப்படிதான். ஆகவே, குடும்பத்தில் பணம் மிச்சமாவது சமைப்பவராலேயே என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே! மாற்றிச் சொன்னால், ராத்திரி வீட்டுக்குப் போனதும் ரசத்துக்கு நீங்களே பொறுப்பு! (சிரிப்பு, கைதட்டல்)