தாமே சூடிய பெயர்கள்

(காக்ஸ் டவுனில் நிகழ்ந்த ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பெற்றோர் இட்ட பெயரின் சிறப்பைப் பேசுவோர் பலர். யான் இன்று பேச விழைவது, நாமே நமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயரைப் பற்றி. மின்னஞ்சல் முகவரி அமைக்கும்பொழுதும், வாட்ஸ்அப்பின் சிறு வட்டத்துள் ஒரு படத்தைப் பொருத்தும்பொழுதும், "நீ யார்?" என்று கருவி நம்மை வினவுகிறது. நாமும் ஏதோ ஒரு விடை தருகிறோம். மகளிர் பலர் தம் முகத்தை மறைத்து ஒரு மலரையோ குழந்தையையோ வைக்கின்றனர். அதற்கு அவர்கள் கூறும் காரணத்தை ஆடவராகிய நாம் சற்று நாணத்தோடுதான் கேட்கவேண்டும். மற்றவர் விடைகளுக்குப் பின்னாலும் கதைகள் உண்டு. அவற்றைக் கேட்பார்தாம் இல்லை.

இஃது இணையம் கொணர்ந்த புதுமை என்று எண்ணிவிட வேண்டா. கனக சுப்புரத்தினம், தம்மை ஆட்கொண்ட கவிஞரின் பெயரை ஏற்றுப் பாரதிதாசன் ஆனார். இதே பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராய் விளங்கிய ரங்கராஜன், அதே பெயரில் மற்றோர் எழுத்தாளர் இருந்தமையால், தம் மனைவியின் பெயரைப் பூண்டு சுஜாதா ஆனார். வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்தில் எழுதி, 1983ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் தமக்கிட்ட புனைபெயர் ஸ்ரீநிவாச என்பது. ஆனால் மக்கள் நாவில் நிலைத்தது மாஸ்தி என்னும் அவருடைய ஊர்ப்பெயரே. கோலார் மாவட்டத்துச் சிற்றூர் அது.

கோலார் என்றதும் எனக்கு வேறொருவர் நினைவு வருகிறது. எங்கள் தெருவில் வாழும் நண்பர். அவர் மின்னஞ்சல் முகவரியில் பெயரை அடுத்து நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. பிறந்த ஆண்டும் அன்று. வண்டி எண்ணும் அன்று. ஒரு மாலையில் பேருந்திற்குக் காத்து நின்றபோது, பொழுது போகாமல் கேட்டுவிட்டேன். சிறிது நேரம் அவர் வாய் திறக்கவில்லை.

"அது எங்கள் அப்பாவின் எண் ஐயா" என்றார் பிறகு.

தந்தையார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே மனிதர் இறங்கி உழைத்த இடம் அது. அவருக்கு எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று தரப்பட்டிருந்தது. இறங்கும்போது எடுத்துச் செல்வார். ஏறி வந்ததும் பலகையில் மாட்டுவார். வில்லை தொங்கினால் ஆள் மேலே வந்துவிட்டார் என்பது பொருள். ஆழத்தில் பாறை வெடித்தால் அவ்வூரார் அதனை ஏர் பிளாஸ்ட் என்பர். நிலம் அதிர்ந்த இரவுகளில், இவர் தாயார் கைக்குழந்தையோடு ஓடிச்சென்று பார்ப்பது அந்தப் பலகையைத்தானாம். அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அந்த நான்கு எண்களை மட்டும் அறிவார்.

2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. குடும்பம் காக்ஸ் டவுனுக்குக் குடியேறியது. "எந்தப் பலகையிலும் இனி அந்த எண் இல்லை, என் பெயரோடாவது இருக்கட்டும் என்று வைத்தேன்" என்றார் நண்பர். கல்லூரியில் பயிலும் அவர் மகளோ, அது கணிப்பொறி தானாகக் கொடுத்த எண் என்றே அந்நாள்வரை எண்ணியிருந்தாள்!

கேளாது விட்டால் என்ன ஆகும்? சங்க நூல்களைப் புரட்டுங்கள். அணிலாடு முன்றிலார் என்றொரு புலவர். தலைவன் பிரிந்தபின் தன் நிலை, மக்கள் விட்டகன்ற வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவது போன்றது என்று தலைவி கூறுவதாகக் குறுந்தொகையில் பாடியவர். பொருள் தேடிப் போனவன் ஒருவன், ஊர் திரும்பு என்னும் நெஞ்சிற்கும் வினையை முடி என்னும் அறிவிற்கும் நடுவே, இரு யானைகள் பற்றி இழுக்கும் பழங்கயிறு போல நைவதை நற்றிணையில் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். பிழைப்பிற்காக ஊர் கடந்து வந்த நம்மில், அக்கயிற்றை அறியாதார் யார்? ஆனால் அவர்தம் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை, ஊர் கிட்டவில்லை, அது எவர் வீட்டு முற்றம் என்பதும் கிட்டவில்லை. படம் நின்றது, ஆள் மறைந்தார். அவர்களுக்குப் பாட்டாவது எஞ்சியது. நமக்கு எஞ்சப்போவது வட்டத்துள் அடங்கிய ஒரு படம் மட்டுமே. நாம் வாழும் இப்பகுதியே காக்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைப் பற்றி நம்முள் எத்துணைப் பேர் வினவினோம்?

ஆதலின் விழாக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் விளம்பரங்களுக்கு நடுவே நான்கு பக்கங்களை ஒதுக்குங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பெயர்க்கும் படத்திற்கும் உரிய கதையை நான்கைந்து வரிகளில் எழுதித் தரட்டும். பெரியவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதினால் இன்னும் நன்று.

முதல் வரிகளை யானே தருகிறேன். என் படத்தில் இருப்பது பூட்டிய மரக்கதவு. பாதுகாப்பு நிறுவனம் நடத்துகிறீர்களா என்று ஓர் அன்பர் கேட்டார்! அது வட ஆர்க்காட்டில் எங்கள் வீட்டுக் கதவு. தாயார் மறைந்தபின் வீட்டை விற்றோம். பத்திரம் பதிந்த அன்று வாங்கியவர் சாவிகளைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். கொல்லைப்புறச் சாவியொன்று என் பையில் தங்கிவிட்டது. அவரும் கேட்கவில்லை, யானும் இன்றுவரை அனுப்பவில்லை.