மருந்தும் பத்தியமும்

தமிழர் இல்லங்களில் பத்தியம் என்னும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. வைத்தியர் மருந்து கொடுக்கும் நாள்வரை விலக்க வேண்டியவை விலக்கப்படும். மருந்து முடிந்ததும் பத்தியமும் முறியும். மருந்தே தலைமை, உணவு அதற்குத் துணை என்பது தலைமுறை தலைமுறையாக வந்த கருத்து. பெரும்பாலான நோய்களில் இதனாற் கேடொன்றும் விளைவதில்லை. ஆயின், இம்முறையை முற்றிலும் மாற்றிவைக்கும் நோய் ஒன்று உண்டு. அதுவே சீலியாக் நோய். அங்கே பத்தியந்தான் மருந்து. அது ஆயுள் முழுவதற்கும் உரியது. குளிசை தேவைப்பட்டாலும் அது சில காலத்துக்கே.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் இருக்கிறது. பிசைந்த கோதுமை மா அறாமல் இழுபடுவது இதனாலேயே. சிலருடைய உடலின் எதிர்ப்புச் சக்தி இப்புரதத்தைப் பகையென்று மயங்கி, தன் சிறுகுடலையே தாக்கிவிடுகிறது. குடலின் உட்புறத்தில் கம்பளத்து இழைகள்போல் நிற்கும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. உண்டது உடலிற் சேராது கழிகிறது. வயிற்றோட்டம், மெலிவு, இரத்தச்சோகை, எலும்பின் நலிவு, பிள்ளைகளாயின் வளர்ச்சிக் குறைவு என்பன தொடர்கின்றன.

இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ 1888இல் இந்நோயை விவரித்தபோதே, குணம் என்று ஒன்று உண்டாயின் அது உணவினாலேயே உண்டாகும் என்று கருதினார். எந்த உணவு என்பதுதான் விளங்கவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் நோயுற்ற பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொடுத்தார், பிள்ளைகள் தேறினர், புகழ் வாழைப்பழத்துக்குப் போயிற்று. பிள்ளைகளின் தட்டில் பாண் இல்லாமற் போனதே காரணம் என்பதை எவரும் எண்ணவில்லை. ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே கோதுமையின்மேல் ஐயங்கொண்டிருந்தார். 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டிற் பாண் அரிதாயிற்று. ஊரே பட்டினி கிடந்த அந்நாட்களில் இப்பிள்ளைகள் மட்டும் மோசமடையாதிருந்தமை அவர் கருத்துக்கு வலுவூட்டியது. 1950இல் வெளிவந்த தம் ஆய்வேட்டில் அவர் கோதுமையின் குற்றத்தை நிலைநாட்டினார்.

அதே காலத்தில் வேறோர் அற்புதமும் நிகழ்ந்தது. 1948இல் அமெரிக்காவிற் கோட்டிசோன் என்னும் ஸ்டெரோயிட் மருந்து மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. அதன் பயனாக 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. குடல் நோயாளருக்கும் அதனைக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி திரும்பிற்று, ஓட்டம் நின்றது, எடை ஏறிற்று. மருந்தை நிறுத்தியதும் பழைய நோய் மீண்டது. ஸ்டெரோயிட் குடலிலே மூண்ட அழற்சியை அடக்குமேயன்றி, அழற்சியை மூட்டும் கோதுமையை அகற்றாது. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே கொதிக்கும் பானையில் நீர் தெளிப்பதற்கு இது ஒப்பாகும்.

ஆகையால் சாதாரண சீலியாக் நோயாளிக்கு ஸ்டெரோயிட் வேண்டியதில்லை. இரு நிலைகளில் அது தேவைப்படலாம். கடும் ஓட்டத்தால் உடலின் நீரும் உப்பும் வற்றி உயிருக்கே இடர் நேரும்போது, வைத்தியசாலையில் குறுகிய காலத்துக்குக் கொடுப்பர். ஓராண்டு கண்டிப்பான பத்தியம் காத்தும் குடல் தேறாதபோது, பிரெட்னிசொலோன், அல்லது பெரிதும் குடலளவிலேயே வேலைசெய்யும் பியூடெசொனைட் கொடுப்பர். இந்தப் பிடிவாதமான வகை அரிது. அதிலும் ஒரு பிரிவு குடற் புற்றாக மாறவல்லது. அதற்கு ஸ்டெரோயிட் மட்டும் போதாது. எனினும், பத்தியம் காத்தும் குணமில்லை என்று வருவோரிற் பலரிடம் காணப்படுவது அறியாமல் உள்ளே போன கோதுமையே. அதனாற்றான் தேர்ந்த வைத்தியர் குளிசையைக் கூட்டுமுன் அடுக்களையைப்பற்றி விசாரிக்கிறார்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வாழும் ஒரு மூதாட்டிக்கு இந்நோய் உண்டென்று கொள்க. பாணும் ரொட்டியும் விலக்கியாயிற்று. சோறும் பிட்டும் இடியப்பமுமே உணவு. குடும்பத்தார் அமைதியடைகின்றனர். ஆனால் 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபின், இலங்கைத் தமிழரின் சமையலிற் கோதுமை மா ஆழ வேரூன்றிவிட்டது. பிட்டுக்கு அரிசி மாவோடு அவித்த கோதுமை மா சேர்கிறது. கடையில் வாங்கும் வெள்ளை இடியப்பத்திலும் அது இருத்தல் கூடும். யாழ்ப்பாணத் தோசையில் உளுந்தோடு கோதுமை மாவும் கரைக்கப்படுவதுண்டு. ரவையும் கோதுமையே என்பதைச் சமைப்பவரே மறந்துவிடுகிறார். கட்டிப் பெருங்காயத்திலும் பல வேளை கோதுமை மா கலந்திருக்கும். இவற்றினும் வியப்பானது நோயாளிக்கென்றே கொடுக்கப்படும் உணவு. வயிற்றுக்கு இதமென்று பார்லித் தண்ணீர், தேநீரோடு ரஸ்க், கொட்டாஞ்சேனையிலிருந்து நோய் பார்க்க வரும் உறவினர் கையில் மோல்ட் பானத் தகரமும் பிஸ்கட்டும். அன்போடு வருவன அனைத்திலும் குளூட்டன்.

மூதாட்டி தேறவில்லை. குளிசை கூடுகிறது. சில நாள் தெம்பாக இருக்கிறார். பிறகு இரத்தத்திற் சீனி ஏறுகிறது, முகம் ஊதுகிறது. சுண்ணாம்புச் சத்தை உறிஞ்ச இயலாது முன்னரே மெலிந்த எலும்பை ஸ்டெரோயிட் மேலும் மெலிவிக்கிறது. இதனைக் கண்டு அஞ்சி, குளிசையை ஒரே நாளில் நிறுத்துவது இன்னும் பெருந் தவறு. சில வாரம் ஸ்டெரோயிட் உட்கொண்டவரின் அதிரீனற் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்தாகலாம். வைத்தியர் சொல்லும் படிமுறைப்படியே குறைத்தல் வேண்டும்.

வயிற்றோட்டமும் மெலிவும் உள்ளவரெல்லாம் கோதுமையை விலக்கவேண்டும் என்பதும் இல்லை. இலங்கை வாய்ப்புண் என்று ஆங்கிலேயர் அழைத்த ஸ்புரூ என்னும் நோயை, பிலிப் பார் என்ற வைத்தியர் 1912 முதல் 1914 வரை இத்தீவில் ஆராய்ந்து, 1915இல் அறிக்கை வெளியிட்டார். பார்வைக்கு அதுவும் சீலியாக் போன்றதே. ஆயினும் அது ஃபோலிக் அமிலத்தாலும் டெட்ராசைக்கிளினாலும் தீர்வது. கோதுமையை விலக்குவதாற் பயனில்லை. இரண்டையும் பிரித்தறிய இரத்தப் பரிசோதனையும் குடற்சதைப் பரிசோதனையும் வேண்டும். அவை முடியும்வரை கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோயின் அடையாளம் மறைந்துவிடும். ஸ்டெரோயிட்டும் அவ்வாறே மறைக்கவல்லது.

சோற்று நாட்டினருக்கு இந்நோய் ஏது என்று கேட்பதும் உண்டு. இந்தியாவில் 2016இல் வெளியான ஆய்வொன்று, வடக்கில் மிகுந்தும் தெற்கில் மிகக் குறைந்தும் இதனைக் கண்டது. நோய்க்கு இடந்தரும் மரபணு இரு பகுதியினரிடமும் பெரிதும் ஒத்திருந்தது. உண்ட கோதுமையின் அளவே வேறுபட்டது. காலையிற் பாணும் இரவிற் கொத்துரொட்டியும் உண்ணும் கொழும்பில் இந்தச் செய்தி கவனத்துக்குரியது.

மூதாட்டிக்கு உணவிற் குறையொன்றும் வரவேண்டியதில்லை. சோறு, அரிசிக் கஞ்சி, குரக்கன், ஒடியல், பயறு, உளுந்து, மீன், மரவள்ளி யாவும் ஆகும். அரிசியை வீட்டிலேயே இடிப்பது நன்று; மில்லில் அரைப்பதாயின், அதே இயந்திரத்தில் முன்னர் அரைபட்டது கோதுமையா என்று கேட்கவேண்டும். இடியப்ப உரலையும் அரிதட்டையும் அவருக்கெனத் தனியாக வைத்தல் வேண்டும். நீத்துப்பெட்டியின் ஓலைப் பின்னலிலே தங்கும் மா எத்தனை முறை கழுவினும் முற்றாகப் போகாது. ஆகவே, புதிய பெட்டி ஒன்றை வாங்கி, நிறநூல் கட்டி, வீட்டாரின் பெட்டியோடு கலவாதபடி வேறோர் ஆணியிற் கொளுவிவைத்தல் நலம்.