முதற் காமிராவைத் தெரிந்தெடுத்தல்

(சிறுவாச்சூரில் கூடிய இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நிழற்படக் கலையைப் பயில விழையும் நம் இளைஞர் முதற்கண் எவ்வகைக் காமிராவை வாங்குதல் தகும் என்பதே எனக்கு இடப்பெற்ற பொருள். தமிழாசிரியனுக்கு இஃது எற்றுக்கு எனச் சிலர் நகைக்கலாம். தாயின் வளையலை அடகு வைத்து மகனுக்குக் காமிரா வாங்கும் வீடுகள் நம்மிடையே உளவாதலின், இது நகைத்தற்குரியதன்று.

விலையுயர்ந்த கருவி நல்ல படத்தைத் தானே ஈனும் என்பது வீண் எண்ணம். சென்னை மாகாண அரசினரின் நிழற்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுக்களைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர் கையாண்டது மெழுகூட்டிய காகித நெகடிவ். தானே ஒளியளக்கும் உறுப்பு அவர் கருவியில் இல்லை. ஒளி எவ்வளவு, எத்துணை நேரம் என்பவற்றைத் தாமே கணித்தார். மாணாக்கன் கற்க வேண்டுவதும் அக்கணிப்பே.

ஆதலின் ஒளி புகும் துவாரமாகிய அப்பர்ச்சர், ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர் திறன் ஆகிய மூன்றையும் கையால் மாற்றத்தக்க கருவியே ஏற்றது. அப்பர்ச்சர் எண்ணை 4-இலிருந்து 5.6 ஆக்கினால் ஒளி பாதியாகும். ஷட்டரை 1/250 நொடியிலிருந்து 1/125 ஆக்கினால் அது ஈடாகும். ஆனால் நம் மதுரகாளியம்மன் கோயில் வாசலில் ஓடும் குழந்தையின் உருவம் 1/125-இல் கலங்கிவிடக்கூடும். அப்போது ஷட்டரை விடுத்து ஐ.எஸ்.ஓ.வை இரட்டிக்க வேண்டும். எதை விட்டு எதைக் கொள்வது என்னும் இவ்வாராய்ச்சியைச் செல்பேசி நமக்காகத் தானே முடித்துவிடுகிறது. பயில்வோனுக்கு அஃது இழப்பு.

பரோடாவில் முன்னாளில் செய்யப்பெற்ற அக்பா கிளிக் காமிராவில் ஒரு சுருளுக்குப் 12 படங்களே. இன்று நூறு படம் பிழைத்தாலும் காசு செலவில்லை. ஆகவே தாராளமாகப் பிழை செய்க!

புதிய மிரர்லெஸ் காமிராவுக்குக் கடன் படவேண்டா. ஒருவர் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும், 18-55 மில்லிமீட்டர் லென்ஸும் போதும். கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்திற்கு 18 உதவும். கரைவெட்டி ஏரிப் பறவைகளுக்கு 300 மில்லிமீட்டராயினும் வேண்டும். அவ்வாசையை ஓராண்டு ஒத்திவையுங்கள். நிக்கான் டி3500 போன்றவற்றின் உடலில் மோட்டார் இல்லாமையின், பழைய லென்ஸ்கள் சில பொருந்தினும் தாமே குவியா. மலிவென்று மயங்கற்க!

வாங்குமுன் அப்பர்ச்சரை 16-இல் வைத்து வெறும் வானத்தைப் படமெடுத்துப் பாருங்கள். தோன்றும் கரும்புள்ளிகள் உள்ளிருக்கும் தூசி. அதனை நீக்கலாம். பின்னர் லென்ஸை ஒளிக்கு நேரே பிடித்து நோக்குங்கள். சிலந்திவலை போன்ற இழை தெரியின் அது பூஞ்சை. துடைத்தால் போய்விடும் என்று விற்பவர் கூறுவார். அதை அவரிடமே விட்டு வாருங்கள்.