வயதை எங்கிருந்து எண்ணுவது?

 

வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். எத்தனை பேர் படித்தனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர் என்று கழகம் தன் ஏட்டைப் புரட்டிப் பார்க்கின்றது. அவ்வாறே இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் இளைஞனும் தன் வாழ்வின் ஏட்டையும் மனத்திற்குள் புரட்டுகின்றான். அப்பொழுது அவன் கையிலெடுக்கும் அளவுகோல் பெரும்பாலும் ஒன்றே. ‘என் வயதில் அவர் என்னவெல்லாம் சாதித்திருந்தார்! நான் என்ன செய்திருக்கின்றேன்?’ என்பதே அது. வீட்டில் பெற்றோர் இதனைக் கேட்கின்றனர். வகுப்பில் ஆசிரியர் கேட்கின்றார். மேடையேறும் நம்மைப் போன்றோரும் கேட்கின்றோம். இக்கேள்வி நம் பிள்ளைகளை எழுப்புகின்றதா, வீழ்த்துகின்றதா என்று ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை ஆராய வேண்டிய தேவை இருக்கின்றது. போட்டித் தேர்வில் இருமுறை தவறிய 26 வயது இளைஞன், உடன் படித்தவன் வேலையில் சேர்ந்துவிட்டான் என்பதற்காகவே நூலகத்தின் பக்கம் வாராமல் நின்றுவிடுகின்றான். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு மணம் முடித்து அனுப்பப்பட்ட பெண், ‘இனி எனக்கு என்ன படிப்பு?’ என்கின்றாள். 35 வயதுத் தொழிலாளி, தம் மகனை ஒத்த பிள்ளைகளோடு அமர்ந்து தனித்தேர்வு எழுத வெட்கப்படுகின்றார். இவர்களுக்கு இன்று எந்தக் கதவும் சாத்தப்பட்டிருக்கவில்லை. வயதுக் கணக்கு ஒன்றே இவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றது. எனவே அக்கணக்கு சரியானதுதானா என்று பார்ப்பது நம் கடமையாகும்.

நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் சான்றினையே எடுத்துக்கொள்வோம். அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14-இல் பிறந்தவர். 1916 மே 9-ஆம் நாள் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய வகையை ஆராய்ந்து அவர் கட்டுரை படித்தபோது, அவருக்கு 25 வயது நிறைந்து 25 நாட்களே ஆகியிருந்தன. இதனைக் கூறிவிட்டு, ‘இளைஞனே, உனக்கும் 25 வயதுதானே, நீ என்ன செய்தாய்?’ என்று கேட்கின்றோம். கேட்ட இளைஞன் தலைகுனிந்து வீடு திரும்புகின்றான். நம் தலை நிமிர வேண்டும் என்பதற்காக வாழ்ந்த ஒருவரின் வாழ்வைக் கொண்டே நம் பிள்ளைகளின் தலையைக் குனிய வைப்பது முறையாகுமா?

அதே வாழ்வின் மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். பண்டித ஜவகர்லால் நேரு அம்பேத்கரைவிட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மூத்தவர். செல்வாக்கு மிக்க வழக்கறிஞரின் மகன். 1905-இல் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளி, 1907-இல் கேம்பிரிட்ஜ் என்று படிப்படியாகச் சென்று, 1912-இல் தமது 22-ஆம் வயதில் பாரிஸ்டர் ஆனார். அம்பேத்கரோ பாரிஸ்டர் ஆனது 30 வயதைக் கடந்த பின்னரே. 1923-இல் அவர் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்குகையில் அவருக்கு வயது 32. வயதை மட்டுமே வைத்து அளப்போமானால், அம்பேத்கர் பத்தாண்டுகள் பின்தங்கியவர் என்றன்றோ எழுத வேண்டும்! அறிவுடையார் எவரேனும் அவ்வாறு எழுதுவரா?

அந்தப் பத்தாண்டுகள் எங்கே போயின என்று கேட்டால் உண்மை விளங்கும். பரோடா மன்னர் சயாஜிராவ் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை தந்ததால் அம்பேத்கர் 1913-இல் அமெரிக்கா சென்றார். 1916-இல் இலண்டன் சென்று பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்படி பணியாற்றப் பரோடா சென்றவருக்கு அந்நகரில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அறிஞர்முன் கட்டுரை படித்தவர், மறு ஆண்டு பரோடாவில் ஒரு கூரைக்காக அலைந்தார். பின்னர்ப் பம்பாயில் சிடனாம் கல்லூரிப் பேராசிரியராகி, ஊதியத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவும் பார்சி நண்பர் ஒருவரும் செய்த உதவியோடு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றே விட்ட படிப்பை முடித்தார்.

இவ்வாறு கழிந்த ஆண்டுகள் எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை. நேரு அவர்களைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. அவர் தமக்குக் கிடைத்ததை நாட்டுக்குப் பயன்படுத்தினார். ஒருவருக்குப் பாதை போடப்பட்டிருந்தது. மற்றவர் பாதையையும் தாமே வெட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. நடந்த தொலைவோடு வெட்டிய தொலைவையும் சேர்த்து எண்ணுவதே நேர்மையான கணக்கு.

அரசின் சட்டமும் இக்கணக்கை ஏற்றுக்கொண்டுள்ளது. மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 32. பட்டியல் இனத்தவர்க்கு 37. இந்த 5 ஆண்டுகளைச் சிலர் சலுகை என்று இகழ்கின்றனர். நம் பிள்ளைகளிற் சிலரும் அதனைப் பயன்படுத்தக் கூசுகின்றனர். இழந்த காலத்தில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதே அது. வயலில் வேலை செய்துகொண்டு படித்த ஆண்டுகளும், கட்டணம் கட்ட இயலாமல் நின்ற ஆண்டுகளும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே 33 வயதில் தேர்வு எழுதும் இளைஞன் எவர் முன்னும் நாணவேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லுவோம். வயதைக் கொண்டு நம்மை அளக்கின்றோமே, அந்த வயதாவது உறுதியானதா? கேரளத்தின் உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன் அவர்களைப் பள்ளியிற் சேர்க்க அழைத்துச் சென்ற உறவினருக்கு, பையனின் பிறந்த நாள் தெரியவில்லை. வாயில் வந்தபடி 1920 அக்டோபர் 27 என்று எழுதச் செய்தார். அந்நாளே கடைசிவரை அவருடைய பிறந்த நாளாக நிலைத்துவிட்டது. நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து சென்று, கட்டணம் செலுத்தாமையால் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்ட அப்பையன்தான் 1997-இல் குடியரசுத் தலைவர் ஆனார். நம் வீடுகளிலும் பள்ளி ஆசிரியர் எழுதித் தந்த பிறந்த நாளோடு வாழ்ந்து மறைந்த பெரியோர் எத்துணை பேர்! பிறந்த நாளையே குறித்து வைக்கவிடாத ஒரு வாழ்வில், ‘இன்ன வயதிற்குள் இன்னது’ என்று விதி வகுப்பது வேடிக்கையே ஆகும்.

நம் பெண்மக்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புனே நகரில் சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியிற் பயின்ற முக்தாபாய் என்னும் மாங் இனச் சிறுமி, 1855-இல், 14 வயதில், தம் இனத்தாரும் மகர் இனத்தாரும் படும் துயரை எழுதினார். அது ‘ஞானோதயா’ என்ற மராத்தி இதழில் அச்சேறியது. இதனைக் கூறி, ‘14 வயதில் நீ எழுதினாயா?’ என்று நம் சிறுமியைக் கேட்பது வீண். அன்று அந்நகரில் அவ்வயதுச் சிறுமியர் எத்தனையோ பேர் இருந்தனர். அறிவிலும் துயரிலும் அவர்கள் குறைந்தவர்களல்லர். முக்தாபாய்க்கு ஒரு பள்ளி திறந்தது, மற்றவர்க்குத் திறக்கவில்லை. ஒரே வீட்டில் மகனுக்கு விளக்கும் மகளுக்கு அடுப்பும் கொடுத்துவிட்டு, இருவர் மதிப்பெண்ணையும் ஒப்பிடும் பெற்றோர் இதனை நெஞ்சில் இருத்துவார்களாக.

காலம் கடந்துவிட்டது என்று சோர்வார்க்கும் நம் முன்னோர் வாழ்வில் விடை உண்டு. 1845-இல் பிறந்த பண்டிதர் அயோத்திதாசர், ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கியது 1907-இல், தமது 62-ஆம் வயதில். 1914-இல் மறையும்வரை அவர் அவ்விதழில் எழுதியவற்றை இன்றும் ஆராய்ச்சியாளர் படித்து வருகின்றனர். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழை வெளியிட்டவர். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பேராளராக அமர்ந்தபோது 70 வயதைக் கடந்திருந்தார். அவரோடு மற்றொரு பேராளராக அமர்ந்த அம்பேத்கருக்கு அப்பொழுது வயது 39. ஒருவர் மற்றவர் வயதைப் பார்த்து ஏங்கியிருந்தால் அம்மேசையில் நம் குரல் எழுந்திருக்குமா? முதியவரின் பட்டறிவும் இளையவரின் படிப்பறிவும் அங்கே ஒரே வழக்கிற்காக உழைத்தன.

ஆயினும் இளைஞர்களே, நாம் கூறியதைச் சோம்பலுக்குக் குடையாகப் பிடித்துவிடாதீர்கள். ‘எனக்குத் தடை மிகுதி, ஆகவே முயலவில்லை’ என்பதற்கு இவ்வாழ்வுகளில் எதுவும் சான்றாகாது. தடைபட்ட அம்பேத்கர் மூன்றாண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார் என்பதே நாம் கற்க வேண்டியது. அன்றியும், நம்முள்ளேயே எல்லாரும் ஓரிடத்திலிருந்து புறப்படவில்லை. தந்தை அரசுப் பணியில் இருக்க, நகரத்துப் பள்ளியிற் பயின்ற பிள்ளையும், கூலி வேலைக்குச் செல்லும் தாயின் உழைப்பில் சேரியிலிருந்து வந்த பிள்ளையும் இன்று இங்கே அருகருகே அமர்ந்திருக்கின்றனர். முன்னவர் தம் புறப்பட்ட இடத்தை மறைத்துப் பெருமை பேசலாகாது. அவருக்கு வெட்டிய பாதை கிடைத்தது. எனவே அவர் நடக்க வேண்டிய தொலைவும் பிறரைக் கைதூக்கிவிட வேண்டிய கடனும் மிகுதி.

ஒப்பிடுவது மனித இயல்பு; அதனை விடச் சொல்லவில்லை, முழுமையாகச் செய்யுங்கள் என்கின்றோம். ஒருவரோடு உங்களை ஒப்பிடும்போது நான்கு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். அவர் எங்கிருந்து புறப்பட்டார்? வழியில் அவருக்குக் கைகொடுத்தவர் யாவர்? தடுக்கப்பட்டபோது அவர் என்ன செய்தார்? தாம் பெற்றதை யாருக்குக் கொடுத்தார்? இந்நான்கிற்கும் விடை கண்டால் பொறாமையும் தாழ்வுணர்ச்சியும் நீங்கும். வழி ஒன்று கண்ணுக்குப் புலப்படும்.

நான்காம் கேள்வியே எல்லாவற்றினும் பெரிது. அம்பேத்கர் தம் பட்டங்களோடு நின்றுவிடவில்லை. 1945-இல், 54 வயதில், மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார்; மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பெற்றது. மன்னர் ஒருவர் தந்த உதவித்தொகையால் படித்தவர், மன்னர் எவரையும் எதிர்நோக்காமல் நம் பிள்ளைகள் படிக்க வழி செய்தார். அத்தகைய கழகங்களின் வழியில் வந்ததே நம் கழகமும். இதற்கும் வயது 25. வேறு நிறுவனங்கள் 25 ஆண்டுகளில் எழுப்பிய மாடிகளை எண்ணி நாம் ஏங்க வேண்டுவதில்லை. இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை எண்ணுவோம். அந்த எண்ணிக்கை குறைவானால் அதற்காக மட்டும் வருந்துவோம். வருந்தியதோடு நில்லாமல் திருத்துவோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்விழாவிற்கு வந்திருப்போரைவிட, வெட்கப்பட்டு வாராதிருப்போரே நமக்கு இன்று முதன்மையானவர். தேர்வில் தவறியவன், படிப்பை விட்டவள், வயதாகிவிட்டது என்று ஒதுங்கியவர் என ஒவ்வொரு தெருவிலும் சிலர் இருப்பர். அவர்கள் வீட்டிற்குச் செல்லுங்கள். அவர்கள் வயதைக் கேளாதீர்கள். எதில் விட்டார்கள் என்று கேளுங்கள். விட்ட பாடத்தின் புத்தகத்தைக் கையிற் கொடுத்து, கழகத்திற்கு அழைத்து வாருங்கள். அடுத்த விழாவில் அவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்களானால், இவ்வெள்ளி விழா பயன் பெற்றதாகும்.