பழைய ஏசியும் தவணை வாங்குது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சி, அக்காமார்களே, இடம் கிடைக்காமப் பந்தலுக்கு வெளியே நிக்கிற தூத்துக்குடி மக்களே!

வீட்டுப் பழைய ஏசியை மாத்தத் தவணைக் கடன் வாங்கலாம்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின அக்கா, கடன்னு சொன்னதுமே, கடன்பட்டார் நெஞ்சம் போலக் கலங்கின இராவணனை மேடைக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அக்கா, தூத்துக்குடிக்காரங்களுக்கு இலங்கை பக்கத்து ஊரு. அவரைக் காட்டி எங்களைப் பயமுறுத்த முடியாது!

"தாத்தா கடல்காத்துலதானே தூங்கினாரு?"ன்னு கேட்டாங்க. ஆமா, ஓட்டு வீட்டுத் திண்ணையில தூங்கினாரு. பேரன் தூங்குறது மொட்டை மாடிக்குக் கீழ. பகல் பூரா வெயில் குடிச்ச காங்கிரீட், ராத்திரி பன்னெண்டு மணிக்கும் அனலைக் கக்குது. அதுவும் கத்திரி வெயில் நேரத்துல!

அந்தக் கடல்காத்து ஏசியை என்ன பண்ணுதுன்னு பாருங்க. உப்பளத்துப் பக்கம், முத்தையாபுரத்துல ஒரு வீட்டு மாடி ஏறி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால விரலை வையுங்க. அலுமினியத் தகடு வெள்ளை மாவா உதிரும். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கிற இடத்துல உப்பு ஈரம் பட்டா மின்வேதி அரிப்பு ஆரம்பிச்சிடும். முதல்ல போறது அலுமினியம். தகடு போனா சூடு வெளியேறாது, கம்ப்ரசர் மூச்சு வாங்கும், மீட்டர் ஓடும். அப்புறம் குழாயிலயும் பொத்தல் விழுந்து கேஸ் கசியும். மெக்கானிக் வருவாரு, கேஸ் அடிப்பாரு, காசு வாங்குவாரு. பொத்தலை அடைக்காம அடிச்ச கேஸ் அடுத்த கோடைக்கு இருக்குமா? பழைய பெட்டி பலதுல இருக்கிற ஆர்-22 வாயு ஓசோனைக் கெடுக்குதுன்னு, மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2030க்குள்ள நிறுத்தணும். வருஷம் போகப் போக அது மலிவா கிடைக்கும்னு நினைக்கிறீங்களா?

ஆக, பழைய ஏசியும் உங்ககிட்ட தவணை வாங்கிக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்குக் கடைசித் தேதி கிடையாது, ரசீது கிடையாது, வசூலிக்கிறவன் முகமும் தெரியாது. நான் கேக்குறது கடைசித் தேதி போட்ட தவணை.

கணக்குக்கு வாங்க. ஒன்றரை டன் பழைய பெட்டி, கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 1.8 கிலோவாட் இழுக்கும். ராத்திரிக்கு 6 மணி நேரம் கம்ப்ரசர் ஓடினா கிட்டத்தட்ட 11 யூனிட். அதே குளிர்ச்சிக்கு அஞ்சு நட்சத்திர இன்வெர்ட்டருக்கு 6 சொச்சம் யூனிட் போதும். நம்ம மின் கட்டணம் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. 60 ராத்திரியில 270 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டின வீட்டுக்குத் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும்னு உங்களுக்கே தெரியும். யூனிட் 8 ரூபாய்னு வச்சாலும் மாசம் 1,000 ரூபாய்க்கு மேல மிச்சம். இப்போ 40,000 ரூபாய்க் கடன், 15 சதவீத வட்டி, 12 மாசம்: தவணை சுமார் 3,600. மிச்சம் மூணுல ஒரு பங்கைத்தான் கட்டும், அதுவும் கோடையிலதான். மீதி நம்ம கைக்காசு, மறைக்கலை. ஆனா வருஷம் பூராவுக்கும் வட்டி 3,300 சொச்சம். கோடையில மூணு நாலு மாச மிச்சத்துலயே அந்த வட்டி போயிடுது ஐயா!

"கடன் நம்ம கடற்கரையை என்ன பாடு படுத்திச்சு"ன்னு அண்ணாச்சி உருக்கமா பேசினாரு. உண்மை. முத்துக்குளிப்பு 1961ஓட நின்னு போச்சு. அது நடந்த காலத்துல வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிட்டு மூச்சடக்கிக் குதிச்சவங்களுக்கு, சிப்பிக்குள்ள முத்து இருக்கா இல்லையான்னே தெரியாது. இன்னைக்கும் முன்பணம் வாங்கின வள்ளக்காரர் மீனை அந்த வியாபாரிக்கே போடணும், விலையும் அவர் சொல்றதுதான். அந்தக் கடன் உழைப்பையே கட்டிப்போட்டுடும். அதை எதிர்த்து அண்ணாச்சி மேடை போட்டா முதல் ஆளா நான் வந்து பேசுவேன். ஏசித் தவணையில யார் உங்க மீனுக்கு விலை வைக்கிறா?

கடனாலேயே வளர்ந்த ஊரும் இதுதானே! 1921ல இங்க நாடார் வங்கியைத் தொடங்கினது எதுக்கு? கடன் கொடுக்கத்தான். 1962ல தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கின்னு பேர் மாறுச்சு, தலைமையகம் இன்னும் நம்ம ஊர்தான். கடன் கெட்டதுன்னா அந்தக் கட்டடத்துக்கு முன்னால போய் அக்கா கொடி பிடிக்கட்டும்.

"வட்டியில்லாத் தவணைன்னு ஏமாத்துறாங்களே?" ஏமாத்துறாங்கதான். அந்த வட்டி செயல்பாட்டுக் கட்டணத்துலயோ விலையிலயோ ஒளிஞ்சிருக்கும். ரிசர்வ் வங்கியே 2013ல பூஜ்ய சதவீதத் திட்டங்களை வங்கிகள் நடத்தக் கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டுச்சு. 2024 அக்டோபர் 1லேர்ந்து, எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம்னு கடன் கொடுக்கிறவர் ஒரே தாளில் எழுதித் தரணும். அந்தத் தாளை வாங்கிப் படிங்க. ரொக்கம்னா என்ன விலைன்னும் கேளுங்க. ரொக்க விலைக்கும் தவணையில மொத்தமா கட்டுற தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான வட்டி. 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 சதவீதம் ஆயிடுச்சே, அது விலையில குறைஞ்சிருக்கான்னும் பாத்துக்குங்க.

நகையை அடகு வைக்கலாமேன்னாங்க. வட்டி குறைவுதான். மீட்க முடியாமப் போனா ஏலத்துக்குப் போறது மகளோட சங்கிலி. அதைச் சொல்லாம விட்டுட்டாங்க.

ஒரே ஒரு இடத்துல எதிரணியோட ஒத்துப்போறேன். கடைக்காரர் 24 மாசம், 36 மாசம்னு நீட்டுவாரு, தவணை சின்னதாத் தெரியும். நம்ம ஊருல அது வேண்டாம். உப்புக்காத்து யாருக்காகவும் காத்திருக்காது. 12 மாசம்; உப்பு அரிக்காம இருக்கப் பூச்சு போட்ட குழாயும் தகடும்; அவுட்டோர் யூனிட் கடலுக்கு முதுகு காட்டுற சுவர்ல; மாசம் ஒருமுறை நல்ல தண்ணியில கழுவல். இதுக்கும் எதிரணி மறுப்பு சொல்லணும்னா, முதல்ல அவங்க வீட்டு மாடி ஏறி அந்த வெள்ளை மாவைத் தொட்டுட்டு வரட்டும் ஐயா.