குளிர்நீரின் கொடை

வெப்பம் உள்ள இடத்தில்தான் உயிர்கள் செழிக்கும் என்பது நிலத்தைக் கண்டு நாம் கொண்ட எண்ணம். கடலிலோ நிலைமை பெரும்பாலும் வேறு. வெப்பக் கடலின் நீலத் தெளிவு கண்ணுக்கு இனியது. ஆயினும் அங்கே உணவு குறைவு என்பதற்கு அத்தெளிவே அடையாளம். மீன்வளம் மிக்க கடல்கள் பல குளிர்ந்தவை.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை நோக்குவோம். சிலி, பெரு ஆகிய நாடுகளின் ஓரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஒரு குளிர் நீரோட்டம் செல்கிறது. 1802-ஆம் ஆண்டில் அந்நீரின் வெப்பநிலையை அளந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டின் பெயரால் அது வழங்குகிறது. கரையோரம் வீசும் காற்று, புவியின் சுழற்சியோடு சேர்ந்து, மேல்நீரை நடுக்கடல் நோக்கித் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் எழுகிறது. மடிந்த உயிர்கள் ஆழத்தில் சிதைந்து தந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதனுடன் வருகின்றன. உழவன் நிலத்திற்கு எரு இடுகிறான். அங்கே கடலுக்குக் காற்றே எரு இடுகிறது.

அவ்வெருவாலும் கதிரவனின் ஒளியாலும் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. நெத்திலி இனத்தைச் சேர்ந்த ஆஞ்சோவெட்டா என்னும் மீன் அம்மிதவை உயிர்களை உண்டு பெருகுகிறது. அம்மீனை உண்டு நீர்க்காகமும் கூழைக்கடாவும் கடற்சிங்கமும் வாழ்கின்றன. தீவுகளில் மலைபோல் குவிந்த பறவை எச்சம், குவானோ என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயல்களுக்கு எருவாகச் சென்றது.

இவ்வளவு வளமும் ஓராண்டில் குலையக்கூடியது. சில ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் கிழக்குக் காற்று தளர, மேற்கே தங்கியிருந்த வெப்பநீர் பெருவின் கரைவரை பரவிக் குளிர்நீருக்கு மூடியாகிறது. இதனையே எல் நினோ என்பர். 1970-இல் பெரு நாட்டினர் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டன் ஆஞ்சோவெட்டா பிடித்தனர். அளவு மீறிய அப்பிடிப்பின் மேல் 1972-இல் எல் நினோவும் வந்தது. 1973-இல் பிடிப்பு 20 லட்சம் டன்னுக்கும் கீழே வீழ்ந்தது.

குளிர்நீருக்கு மற்றொரு பணியும் உண்டு. குளிர்ந்த சோடாவைவிட வெயிலில் வைத்த சோடாவிலிருந்து வாயு விரைவில் வெளியேறுவதை நாம் அறிவோம். அவ்வாறே, குளிர்ந்த கடல்நீர் கரியமில வாயுவை மிகுதியாகக் கரைத்துக்கொள்ளும். அன்டார்க்டிக்காவைச் சூழ்ந்த கடலிலும் வட அட்லாண்டிக்கிலும் அந்நீர் கனத்து ஆழத்தில் இறங்கி, பல நூற்றாண்டுகள் அவ்வாயுவை அங்கே வைத்திருக்கிறது. மடிந்து மூழ்கும் மிதவை உயிர்களும் கரியை ஆழத்திற்குக் கொண்டு செல்கின்றன. பெருவின் கரையைப்போல் நீர் மேலெழும் இடங்களில் ஒரு பகுதி காற்றுக்குத் திரும்புவதும் உண்டு. எனினும் கூட்டிக் கழித்தால், மனிதர் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்கிறது.

நம் மேற்குக் கரையிலும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது குளிர்நீர் மேலெழுகிறது. கேரள, கருநாடகக் கடல்களில் மத்தி மீன் பெருகுவதற்கு அது துணைபுரிகிறது. கடல் வெப்பமுறும்போது மேல்நீர் இலேசாகி அடிநீரோடு கலவாது; வாயுவை ஏற்கும் ஆற்றலும் குன்றும். ஆதலின் கடலின் குளிர்ச்சியைக் காப்பது, மீனவரின் வலையையும் நாம் அனைவரும் உயிர்க்கும் காற்றையும் ஒருங்கே காப்பதாகும்.